மருந்தின் நான்காம் பங்கு

2021-ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரத்தில், பெங்களூர் அல்சூர் கடைவீதிக்குப் பின்புறமுள்ள எங்கள் சந்தில், எதிர்வீட்டு வாசற்படிக்கு வெளியே ஒரு மர முக்காலி போடப்பட்டிருந்தது. காலை ஒன்பது மணி சுமாருக்கு என் மனைவி அதன்மேல் ஒரு தூக்கில் மிளகு ரசமும், மூடியிட்ட கிண்ணத்தில் குழைந்த சோறும் வைத்துவிட்டு, பத்தடி பின்வாங்கி நின்று குரல் கொடுப்பாள்; உள்ளேயிருந்து அந்த வீட்டு மருமகள் வந்து, முந்தின நாள் பாத்திரங்களை வெந்நீரில் கழுவித் துடைத்து முக்காலியில் வைத்துவிட்டு, புதியவற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அவளுடைய கணவன் ஓர் அறையிலும், மாமியார் கூடத்திலுமாகக் கொரோனாக் காய்ச்சலில் கிடந்தார்கள். அவள் மட்டும் நோய்க்குத் தப்பி, சமையற்கட்டின் தரையில் பாய் விரித்து, படுத்தும் படுக்காமலும் ஆறு இரவுகளைக் கழித்திருந்தாள்.

ஏழாவது நாள் என் மனைவி, எப்போதும் கேட்கிற கேள்வியை மாற்றி, "அவருக்கு எப்படி இருக்கு" என்று கேளாமல், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அந்தக் கண்கள் இரண்டும் ஒரு கணம் புரியாமல் விழித்தன. பிறகு அவள் நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்து, ஓசையில்லாமல் அழுதாள். "அவரு உள்ள மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருக்காரு. அத்தைக்கு நினைவே சரியா இல்ல. நான் எப்படிம்மா உக்காந்து சாப்பிடறது? ராத்திரி கொஞ்சம் கண்ணை மூடினாக்கூடத் தப்புப் பண்ணின மாதிரி இருக்குது. அது பாவம் இல்லியா, சார், நீங்களே சொல்லுங்க" என்று, மனைவிக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நாற்பது வருஷமாகத் தேவாரமும் திருக்குறளும் படித்துவருகிறவன் என்று சந்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரின் லட்சணம் அன்று வெளிப்பட்டுவிட்டது: எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. அப்போது சொல்ல இயலாமற்போனதை இவ்வளவு காலம் கழித்து எழுதிப் பார்க்கிறேன்.

அந்த நாட்களின் நிலைமையைச் சற்றே நினைவூட்டவேண்டும். ஏப்ரல் 27-ஆம் தேதி இரவு ஒன்பது மணி முதல் கர்நாடகம் முழுவதும் ஊரடங்கு. காலை ஆறு முதல் பத்து வரை மாத்திரம் கடைக்குப் போய் வரலாம். பெங்களூரில் மட்டும் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் நோய் கண்டதாகக் கணக்கு வந்த நாட்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டுமென்றால் முதலில் மாநகராட்சி தரும் 'பி.யு. நம்பர்' வரவேண்டும், முன்பெல்லாம் "சௌக்கியமா" என்று கேட்ட வாய்கள் அப்போது "நம்பர் வந்துச்சா" என்றே விசாரித்தன. சுடுகாடுகள் போதாமல், ஊருக்கு வெளியே தாவரகெரெயிலும் கிட்டேனஹள்ளியிலும் திறந்த வெளியில் சிதைகள் எரிந்தன. இந்தச் சூழ்நிலையில் ஒருத்தி தான் உண்பதையும் உறங்குவதையும் பாவமோ என்று ஐயுற்றாள் என்றால், அது அவளுடைய பேதைமையன்று. நம்முடைய சமயங்களும் காவியங்களும் தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் காதில் ஓதி வந்த ஒரு பாடத்தின் பலன் என்றே கொள்ளவேண்டும்.

இந்தக் காலத்தில் இதற்கென்று ஒரு சொல் புறப்பட்டிருக்கிறது, 'சுயபராமரிப்பு' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் அடுக்குமாடிக் கட்டடத்து லிப்டும் தண்ணீர் மோட்டாரும்தான் ஞாபகம் வருகின்றன. மாதச் சந்தா கட்டி, எண்ணெய் போட்டு, ஓடவைக்கிற காரியம் போல ஒலிக்கிறது. தமிழில் அதற்கு 'பேணுதல்' என்று ஓர் அருமையான பழஞ்சொல் இருக்கிறது. தெய்வத்தை வழிபடுவதும் பேணுதல். பெற்றோரைப் போற்றுவதும் பேணுதல். வந்த விருந்தை உபசரிப்பதும் பேணுதல். உடம்பைக் காப்பதும் அதே பேணுதல்தான். தெய்வத்துக்குச் செய்வதையும் தேகத்துக்குச் செய்வதையும் ஒரே வினைச்சொல்லால் குறித்த ஒரு மொழி, அந்த இரண்டுக்கும் இடையே பகை உண்டென்று கருதியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஆயினும் எதிர்க்கட்சி பலமானது. அதை மறைப்பது நேர்மையாகாது. உடம்பு ஒரு புழுக்கூடு, ஓட்டைப் பாத்திரம், சுடுகாட்டுக்குப் போகும் சரக்கு என்று சித்தர்களும் துறவிகளும் பாடிய பாடல்களை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். தன்னை மறந்து பிறர்க்கு உழைப்பதே அறம் என்றும், தன்னை நினைப்பவன் சுயநலக்காரன் என்றும் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, கொள்ளைநோய்க் காலத்தில் 'உங்களை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்' என்ற உபதேசம் பெரும்பாலும் யாரிடமிருந்து வந்தது? எதிர்ப்புச் சக்திச் சூரணம் விற்பவரிடமிருந்தும், கைபேசியில் தியானம் கற்றுக்கொடுத்துக் கட்டணம் வாங்குபவரிடமிருந்தும் வந்தது. மாடி வீட்டில் மல்லிகைத் தொட்டிகளுக்கு நடுவே பிராணாயாமம் செய்து அதைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டியவர்களின் அமைதியைக் கண்டு, சாமான்ய மனிதனுக்கு அருவருப்பு உண்டாயிற்று என்றால் அதில் வியப்பில்லை. ஊர் எரியும்போது ஒருவன் தன் மனத்தைக் குளிரவைத்துக்கொள்வது ஞானமா, கல்நெஞ்சமா என்ற கேள்வி நியாயமானதே.

இதற்கு விடை தேடும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் திருமூலர். அவருடைய கதையைப் பெரிய புராணம் சொல்லுகிறது. கயிலையிலிருந்து தெற்கே பொதிகைக்கு அகத்தியரைக் காணப் புறப்பட்ட ஒரு யோகியார், காவிரிக் கரையில் சாத்தனூருக்கு அருகே வரும்போது, மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவன் உடலைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்து கதறுவதையும் காண்கிறார். பசுக்களின் துயரத்தைப் பொறுக்கமாட்டாமல், தம் உடலை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடையனின் உடலுக்குள் புகுகிறார். பசுக்கள் மகிழ்ந்து மேய்ந்து வீடு சேருகின்றன. அவர் திரும்பி வந்து பார்க்கும்போது, வைத்த இடத்தில் தம் சொந்த உடல் இல்லை. ஆகவே அந்த இடையனுடைய உடலிலேயே தங்கிவிடுகிறார்.

நெடுங்காலம் இதை ஓர் அற்புதக் கதையாகவே படித்து வந்தேன். ஊரடங்கில் வேறு வேலையின்றி மறுபடியும் படித்தபோதுதான், அதில் உறைந்திருக்கும் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. இந்தத் திருமூலர்தாம், தாம் ஒரு காலத்தில் உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்ததையும், பிறகு அதனுள்ளே உத்தமனாகிய இறைவன் குடிகொண்டிருப்பதைக் கண்டு அதை ஓம்பத் தொடங்கியதையும் வெளிப்படையாகப் பாடியவர். சொந்த உடலை இழந்து, இரவல் உடலில் வாழ்ந்த ஒருவர், அதுவும் வாயில்லாப் பிராணிகளின் கண்ணீரைத் துடைப்பதற்காகவே அந்த உடலை எடுத்துக்கொண்ட ஒருவர், உடம்பைப் பேணச் சொல்லுகிறார் என்றால், அவர் சொல்லும் பேணுதல் சுகபோகம் அன்று என்பது தெளிவு. பசுக்கள் வீடு சேரவேண்டுமானால் மூலனின் கால்கள் நடக்கவேண்டும். கருணை என்பது ஆகாயத்தில் மிதக்கும் வஸ்து அன்று. அதற்கு நடக்கக் காலும், தூக்கக் கையும், அதிர்ந்து பேசாத நாக்கும் வேண்டியிருக்கின்றன. பிறர் பொருட்டு வாங்கி வைத்திருக்கும் ஒரு பொருளை நாம் பாழாக்கினால், அது தியாகம் ஆகுமா, பொறுப்பின்மை ஆகுமா?

கீதையின் ஆறாம் அத்தியாயத்திலும் கண்ணன், மிதமிஞ்சி உண்பவனுக்கும் உண்ணாமலே கிடப்பவனுக்கும், தூங்கியே கழிப்பவனுக்கும் தூங்காமலே விழிப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறான். இதை அவன் ஆசிரமத்தின் மரநிழலில் சொல்லவில்லை. இரண்டு சேனைகளுக்கு நடுவே, உறவினர் எல்லாரும் சாகப்போகிற நேரத்தில், தேர்த்தட்டில் நின்றுகொண்டு சொல்லுகிறான். அழிவு அருகில் நிற்கும்போது சோற்றையும் தூக்கத்தையும் பற்றிப் பேசுவது அற்பத்தனம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

இனி, கொள்ளைநோய் நமக்குப் புதிதன்று. பெங்களூருக்கு 1898 ஆகஸ்டில் பிளேக் வந்தது. ஹூப்ளிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தது என்பார்கள். 1809-ஆம் ஆண்டையொட்டி வெள்ளையர் பட்டாளம் இங்கே வந்து தங்கிய நாள் முதல், பட்டாளத்தோடும் அதன் பிழைப்போடும் வந்து சேர்ந்த நம் தமிழ்க் குடிகள் நெருக்கியடித்து வாழ்ந்த தண்டுப் பக்கத்தையும், கன்னடியர் மிகுந்த பேட்டையையும் அது பேதம் பாராமல் தாக்கிற்று. அந்தப் பயம் வளர்த்த குழந்தைகளே பசவனகுடியும் மல்லேசுவரமும்; 1906-இல் கால்கோளிட்ட பிரேசர் டவுனும் பிளேக் அணுகாத நகரமாக அமையவேண்டுமென்று அகன்ற தெருக்களும் எலி புகாத வீடுகளுமாகத் திட்டமிடப்பட்டதே. அதே 1898-இல் கல்கத்தாவில் பிளேக் பீதி கிளம்பியபோது, விவேகானந்தர் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி, சுத்தத்தோடும் நல்ல ஆகாரத்தோடும் மனத்தின் அச்சமின்மையையும் சேர்த்து ஒரு மருந்தாகவே எடுத்துச் சொன்னார். பணம் போதாவிட்டால் மடத்துக்கென்று புதிதாக வாங்கிய நிலத்தையே விற்றுவிடவும் சித்தமாயிருந்தார். தன் மனத்தைத் தைரியப்படுத்திக்கொள் என்றவர், தன் சொத்தை வைத்துக்கொள் என்று சொல்லவில்லை. இந்த இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தபடியால்தான் முதல் உபதேசத்துக்கு மதிப்பு.

பாமர ஜனங்கள் வேறொரு வழி கண்டார்கள்: பிளேக்கையே மாரியம்மனாக்கிக் கோயில் எடுத்தார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. பெங்களூரிலும் அந்த அம்மன் உண்டு. 2021 மே மாதத்தில் கோவையை அடுத்த இருகூரில் காமாட்சிபுரி ஆதீனத்தார் கொரோனா தேவிக்குச் சிலை செய்து பூஜை நடத்தியபோது, படித்தவர்கள் பலர் நகைத்தார்கள். நான் நகைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பீதிக்கு ஒரு முகம் கொடுத்துவிட்டால், அதனிடம் முறையிடலாம், கோபித்துக்கொள்ளலாம், "தாயே, இறங்கிப் போ" என்று கெஞ்சலாம். தடுப்பூசிக்கு அது மாற்று என்று சொன்னால்தான் நான் சண்டைக்கு வருவேன்.

சிறுவயதில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே சொல்லவேண்டும். வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகினார்கள். தாளிதம் நின்றது, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை, வீட்டில் யாரும் உரத்துப் பேசவில்லை. என்னை 'நோயாளி' என்று ஒருவரும் சொல்லவில்லை. 'அம்மா வந்திருக்கா' என்றார்கள். வேப்பிலை மெத்தையில் வாழைக்குருத்து விரித்துப் படுக்கவைத்து, கூழும் இளநீரும் கொடுத்தார்கள். என் தாயார் இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்தார்; ஆனால் அண்டை வீட்டுக் கிழவி ஒருத்தி, முன்பே அம்மை கண்டு தழும்பு ஏறிய முகத்தினள், மத்தியானந்தோறும் வந்து, "நீ போய்ச் சித்தப் படுடி, நான் விசிறறேன்" என்று என் தாயார் கையிலிருந்து விசிறியைப் பிடுங்கிக்கொள்வாள். மூன்றாவது தண்ணீர் தலைக்கு ஊற்றும் வரை இது நடந்தது. தனிமைப்படுத்தல், எளிய ஆகாரம், கட்டாய ஓய்வு, துணையிருப்பவருக்கு ஒரு மாற்றாள் ஆகிய எல்லாவற்றையும் நம் பெரியோர் தெய்வத்தின் பெயரால் ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஓய்வெடுப்பது குற்றமாக அல்ல, மரியாதையாக இருந்தது.

2020 ஜூலையில் நடந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்களுக்கு அடுத்த தொம்மலூரில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நோய் கண்டதென்று, இரண்டு வீடுகளின் வாசல்களைத் தகரத் தகடு வைத்து அடித்து மூடிவிட்டார்கள். ஒன்றில் இரு குழந்தைகளோடு ஒரு தாய், மற்றதில் ஒரு முதிய தம்பதி. படம் ஊரெல்லாம் பரவியதும் மாநகராட்சி ஆணையர் மன்னிப்புக் கேட்டு, தகடுகளை அகற்றுவித்தார். வேப்பிலையும் கதவை மறித்தது, தகரமும் கதவை மறித்தது. ஆனால் வேப்பிலை, உள்ளே தெய்வம் இருக்கிறது என்று வழிப்போக்கனுக்குச் சொல்லிற்று.

விதி என்று ஒன்றிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்பார் சிலர். எதிர்வீட்டிலும் உறவினர் ஒருவர் தொலைபேசியில், "எல்லாம் பூர்வ ஜன்ம வினை, அனுபவிச்சுத்தான் தீரணும்" என்று ஆறுதல் சொன்னாராம். அந்த ஆறுதலைக் கேட்ட பிறகுதான் அவள் அன்றைய சாப்பாட்டை நிறுத்தினாள். இப்படிப் பேசுவோருக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பிள்ளை பதில் சொல்லியிருக்கிறது. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டில் அடியார்களோடு தங்கியிருந்தபோது, அந்தப் பருவத்தில் அங்கே பரவிய குளிர்சுரம் உடனிருந்தவர்களையும் பற்றிக்கொண்டது. அப்போது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். 2020-இல் கோயில்கள் மூடியிருந்த மாதங்களில் தமிழ் வீடுகள் பலவற்றில் மாலைதோறும் ஓதப்பட்டதும் அதுவே. அதை ஓதியவர்கள் எல்லாரும் அதன் தொடக்கத்தைக் கூர்ந்து கவனித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம். முன்செய்த அந்த வினைக்கு இன்று இந்தத் துன்பம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே, தப்பிப் பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கடிந்துதான் அந்தப் பிள்ளை தொடங்குகிறது. கையால் செய்யும் தொண்டையும் கழல் போற்றுவதையும் அது பிரித்துப் பேசவில்லை. அடுத்த பாட்டில் அந்தத் தொண்டு இன்னதென்றும் தெரிகிறது: சோலை வைப்பதும் குளம் வெட்டுவதும், அதுவும் கனிந்த மனத்தோடு.

காய்ச்சல் பரவும்போது சோலையும் குளமும் எதற்கு என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. விடை என் வீட்டு வாசலிலேயே இருந்தது. நாம் அல்சூர் என்று சொல்லும் ஊரைக் கன்னடத்தார் ஹலசூரு என்பர்; 'ஹலசு' என்றால் பலா; பலாத் தோப்பு இருந்த இடமாதலால் அந்தப் பெயர் என்பது வழக்கு. பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடர் வம்சத்தார் வெட்டிவைத்ததாகச் சொல்லப்படும் ஏரி, 120 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்போடும் சிறு தீவுகளோடும் இன்றும் இருக்கிறது. தோப்பு போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது. குளம் தப்பியது. 2020-இல் ஊரடங்கு தளர்ந்து, ஜூன் 8-ஆம் தேதி கோயில் கதவுகளும் திறந்த பிறகு, ஒரு நாள் காலையில் ஏரிப்பக்கம் போனேன். மூன்று மாதம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அந்த நீர்ப்பரப்பு செய்த உபசாரத்தை விவரிக்க எனக்குச் சொல் இல்லை. நெஞ்சில் முடிச்சாகக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. எந்தக் காலத்திலோ, பெயர் தெரியாத கூலியாட்கள் மண் சுமந்து கட்டிய கரை, என் மனோவியாகூலத்துக்கு மருந்தாயிற்று. அன்று பதிகம் அர்த்தமாயிற்று. ஒருவன் தன் மனத்தைத் தேற்றிக்கொள்ளக்கூட, இன்னொருவன் முன்பே வெட்டிவைத்த குளம் வேண்டும்.

புத்தர் சொன்ன ஒரு கதையும் இதற்குத் துணை. ஒரு கழைக்கூத்தாடி, மூங்கிலை நட்டு, தன் சீடனைத் தோள்மேல் ஏறச் சொல்லி, "நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன், இருவரும் பிழைப்போம்" என்றானாம். சீடனோ, "அப்படியல்ல ஐயனே, நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் என்னைப் பார்த்துக்கொள்கிறேன், அப்போதுதான் இருவரும் விழாமல் இறங்குவோம்" என்றான். புத்தர் சீடன் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஆனால் அதோடு விடாமல், தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கிறான், பிறரைக் காப்பவன் தன்னைக் காக்கிறான் என்று இரண்டையும் முடிந்துவைத்தார். முகக்கவசம் என்ற இரண்டு ரூபாய்த் துணி அந்தச் சூத்திரத்துக்கு எழுதிய உரை என்று சொல்லலாம்: அணிந்தவனைக் காத்ததா, எதிரே வந்தவனைக் காத்ததா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

இப்போது வள்ளுவரிடம் வருகிறேன். ஏரிக்கரையில் அவர் சிலை இருக்கிறது; பெங்களூர்த் தமிழருக்கு அது சிலை மட்டுமன்று, ஒரு வழக்கின் வரலாறு. 1991-இல் நிறுவப்பட்டும், திறப்பதற்கு எதிர்ப்பு எழுந்தமையால், பதினெட்டு ஆண்டுகள் முகம் மூடியே நின்றார் அந்தப் பெருமான். 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான், கருணாநிதி வந்து, எடியூரப்பா உடனிருக்க, மூடியிருந்த துணி விலகிற்று. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டு முகம் மூடியிருந்தவர் முன்னால், இரண்டு ஆண்டு முகம் மூடி நடந்த நாங்கள் எம்மாத்திரம் என்று நினைத்து நான் சிரித்ததுண்டு.

அவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் செய்திருக்கிறார், தொண்ணூற்றைந்தாவது. அதன் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்து, மருந்தோடு பக்கத்தில் நின்று பணி செய்பவன். வடமொழியில் சரக சம்ஹிதையும் சிகிச்சைக்கு நான்கு பாதங்கள் சொல்லி, பணிவிடை செய்பவனை அவற்றுள் ஒன்றாக வைத்து, அவனுக்கு அன்பு, தூய்மை, சாமர்த்தியம், பணிவிடையின் அறிவு என்று நான்கு குணங்களையும் விதிக்கிறது. நாமோ நோயாளி, டாக்டர், மருந்து என்று மூன்றையே எண்ணிப் பழகி, சிகிச்சையை ஒரு முக்காலியாக்கிவிட்டோம்.

என் விடை இந்தக் குறளில்தான் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவள் மருத்துவத்துக்கு வெளியே நின்று தொண்டு செய்கிறவள் அல்லள். அவளே மருந்தின் நான்காம் பங்கு. மாத்திரையை ஈரத்தில் போட்டு வைத்தால் நாம் பதறுகிறோம். சிலிண்டரில் காற்று இறங்கினால் ஓடுகிறோம். நான்காம் பங்கு ஆறு இரவு தூங்காமல் கிடந்தால் அதைப் பதிவிரதத்தின் பெருமையாகப் பேசுகிறோம். அவள் சாப்பிடுவது அவளுக்காக மட்டுமன்று. அவள் கண்ணயர்வது கணவனுக்கு வேளைக்கு மாத்திரை தவறாமல் போவதற்காகவும்தான். விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கருவியில் 92-ஐ 82 என்று பிறழப் படித்து அவள் ஒரு நள்ளிரவில் அலறியதை நான் கேட்டிருக்கிறேன். கருவியில் பழுதில்லை, கண்ணில் தூக்கமில்லை.

ஆனால் சரகர் விதித்த அந்த நான்கு குணங்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அன்பும் தூய்மையும் சாமர்த்தியமும் அறிவும் வேண்டும் என்றவர், அவை எதை உண்டு உயிர் வாழும் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. தூங்காதவளிடம் அன்பு எரிச்சலாக மாறும். பசித்தவளிடம் சாமர்த்தியம் கைநடுக்கமாக மாறும். அந்த ஐந்தாவதை, அதாவது பணி செய்பவளுக்குப் பணி செய்வதை, அம்மைக்காலத்து அண்டைவீட்டுக் கிழவி அறிந்திருந்தாள்.

இங்கேதான் 'உன்னை நீயே பார்த்துக்கொள்' என்ற புதிய உபதேசத்தோடு நான் வேறுபடுகிறேன். எங்கள் சந்தின் கோடியில் பத்துக்குப் பத்து அறையொன்றில் ஐந்து பேர் வாழ்கிறார்கள். வீட்டுக்காரி நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள். ஊரடங்கில் நான்கு வீடும் அவளை வரவேண்டாம் என்றுவிட்டன. அவளிடம் போய்த் தனியறையில் அமைதியாக உட்கார்ந்து மூச்சைக் கவனி என்று சொன்னால், அவள் எந்த அறையில் உட்காருவாள்? அடுத்த மாத வாடகையைக் கவனிப்பாளா, மூச்சைக் கவனிப்பாளா? தன்னைப் பேணுவது தன் கையில் மாத்திரம் இல்லை. பேணிக்கொள்ள இடமும் சோறும் நேரமும் இருக்கிறவனுக்கு அது கடமை; இல்லாதவனுக்கு அது மற்றவர்கள் செலுத்தவேண்டிய கடன். அவளுடைய சம்பளத்தை வேலை வாங்காமலே கொடுத்த வீடு நான்கில் ஒன்றுதான் என்பதையும் எழுதிவைக்கிறேன். அந்த ஒன்று எங்கள் வீடு அல்ல. இரண்டு மாதம் தாமதித்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது.

அரசாங்கமும் சிறிது செய்தது. 2020 மார்ச் இறுதியிலேயே, இந்த ஊர் நிம்ஹான்ஸ் மனநல நிலையத்தின் துணையோடு தொலைபேசி வழியே மனத்துயர் கேட்கும் ஏற்பாடு தொடங்கிற்று, 2022 அக்டோபர் 10-ஆம் தேதி முதல் 14416 என்ற எண்ணில் 'டெலி-மானஸ்' என்ற பெயரில் நாடு முழுவதற்கும் அது நிலைபெற்றிருக்கிறது, தமிழிலும் பேசலாம். பூசாரியிடமும் ஜோசியரிடமும் மனத்தைத் திறப்பதில் வெட்கப்படாத நாம், இதில் வெட்கப்படவேண்டியதில்லை.

எதிர்வீட்டில் பதினோராம் நாள் மாமியார் இறந்துபோனார். கணவனுக்குப் படுக்கை கிடைத்து, பதினெட்டு நாள் கழித்து இளைத்துத் திரும்பி வந்தான். ஓராண்டு சென்றபின் ஒரு நாள், நான் மேலே எழுதிய திருமூலரையும் சம்பந்தரையும் நான்காம் பங்கையும் அவளுக்கு விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லா இருக்குது சார். ஆனா அன்னிக்கு நீங்க இதெல்லாம் சொல்லியிருந்தா என் மண்டையில ஏறியிருக்காது. அம்மா 'நீ சாப்பிட்டியா'ன்னு கேட்டாங்க பாருங்க, அன்னிக்குத்தான் உள்ள போய் ரெண்டு வாய் ரசஞ்சோறு தின்னேன். அப்புறம் மூணு மணிநேரம் தூங்கினேன்."

வாசகரிடம் ஒரு விண்ணப்பம். நோய் கண்ட வீட்டுக்குப் போகும்போது, ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் நோயாளிக்கு வாங்கிப் போகிறீர்கள், போகட்டும். அங்கே படுக்கைக்கருகே நாற்காலியின் நுனியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரை எழுந்திருக்கச் சொல்லி, குளித்து உண்டு படுக்க அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் நீங்கள் உட்காருங்கள்.